எபிரெயம் தெரியாமல் யோனாவைப் பிரசங்கிக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். நீங்கள் ஒரு கிராமச் சபையின் போதகர். வேதாகமப் பள்ளியில் 2 ஆண்டு படித்தீர்கள். அங்கே எபிரெயம் சொல்லித் தரவில்லை. வருகிற 4 ஞாயிறுகளில் யோனா புத்தகத்தை, வாரத்துக்கு ஓர் அதிகாரமாகப் பிரசங்கிக்கப் போகிறீர்கள். மூத்த போதகர் ஒருவர் "மூலமொழி தெரியாதவன் பழைய ஏற்பாட்டைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். இன்னொருவரோ "ஆவியானவர் இருக்கும்போது எபிரெயம் எதற்கு?" என்கிறார். கைபேசியில் ஸ்ட்ராங் எண் (ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் உள்ள மூலச்சொல்லைக் குறிக்கும் எண்) காட்டும் செயலி ஒன்று வைத்திருக்கிறீர்கள், அது போதுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: தமிழில் மட்டும் வாசிக்கிற எனக்கு அப்படி எதுதான் தப்பிப் போகிறது? நான் பதில் சொல்லப் போவது இந்தக் கேள்விக்குத்தான்.

நான் 20 ஆண்டுகளுக்கு மேல் இறையியல் மாணவர்களுக்கு எபிரெயம் நடத்தியவன், ஞாயிறுகளில் பிரசங்க மேடையிலும் நிற்கிறவன். எபிரெயம் எனக்கு வாசிக்கத் தெரியும், பேச வராது. அரமேயம் பாதி தெரியும். நினிவேயின் பழைய மொழியான அக்காதியம் தெரியாது, தொல்லியல் என் துறை அல்ல. ஆகவே நினிவேயின் மதில் எத்தனை முழம் என்று என்னிடம் கேட்காதீர்கள். இன்னொன்று: கீழே 'கதை' என்று நான் சொன்னால், நடக்காத ஒன்று என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் விதத்தைத்தான் சொல்கிறேன். யோனா மீன் வயிற்றில் 3 நாள் இருந்தது நடந்ததா இல்லையா என்பதை எந்த எபிரெய இலக்கணமும் தீர்த்துவைக்காது. தீர்த்துவைக்கும் என்று இரு பக்கத்திலும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நம்பாதீர்கள்.

எபிரெயம் தெரியாமல் யோனாவைப் பிரசங்கிக்கலாம், தாராளமாக. ஆனால் எபிரெயத்தில் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஓர் இரகசிய அர்த்தம் புதைந்திருக்கிறது, அது நமக்குக் கிடைக்காமல் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. நமக்குக் கிடைக்காமல் போவது கதையின் நடை. எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடத்தில் வாக்கியம் முறை மாறுகிறது, யாரைப் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறது, எந்தச் சொல்லோடு பேச்சு முடிகிறது, இவைதான். எபிரெயக் கதைசொல்லி தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்லமாட்டான். யோனா செய்தது தவறு என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. கருத்தையெல்லாம் அவன் சொல் தேர்வில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

கர்த்தர் நினிவேக்குப் போகச் சொன்ன யோனா, தர்ஷீசுக்குத் தப்பி ஓடுகிற 1:3ஐப் பாருங்கள். நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவது, பவர் ஐயர் தலைமையில் நடந்து 1871ல் வெளிவந்த தமிழ் வேதாகமத் திருப்புதல். அதில் யோனா "எழுந்து, யோப்பாவுக்குப் போய்" கப்பலைக் கண்டு, கூலி கொடுத்து, "கப்பல் ஏறினான்" என்று வருகிறது. எபிரெயத்தில் அவன் யோப்பாவுக்குப் 'போக'வில்லை, இறங்குகிறான்: வய்யேரெத். கப்பலிலும் அவன் ஏறவில்லை, அதற்குள் இறங்குகிறான்: மறுபடியும் அதே வய்யேரெத். 5ஆம் வசனத்தில் கப்பலின் கீழ்த்தட்டுக்கு இறங்குகிறான், யாரத். 2ஆம் அதிகார ஜெபத்தில் பர்வதங்களின் அடிவாரம் மட்டும் இறங்கினேன் என்கிறான், யாரத்தி. நான்கும் ஒரே வினைச்சொல். 'எழுந்து போ' என்று சொல்லப்பட்டவன் எழுந்தான்; அதன்பின் அவன் செய்ததெல்லாம் இறங்கினதுதான். அப்படி அடிவரைக்கும் போனபிறகு அதே ஜெப வசனத்தில் "என் பிராணனைக் குழியிலிருந்து ஏறப்பண்ணினீர்" என்று வருகிறது. யோனாவைப் பற்றி 'ஏறுதல்' என்ற சொல் புத்தகத்தில் முதல்முறை வருவது அங்கேதான், அதுவும் கர்த்தர் செய்த காரியமாக. நம் தமிழில் என்ன ஆகிறது பாருங்கள். அவன் ஏறக் கூடாத இடத்தில் 'ஏறினான்' என்று இருக்கிறது. ஏற்றப்பட்ட இடத்திலோ 'தப்புவித்தீர்' என்று இருக்கிறது. படிக்கட்டு தலைகீழாகிவிட்டது.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. தமிழில் கப்பல் ஏறுவோம், யாரும் கப்பலுக்குள் இறங்குவதில்லை. 'கப்பலில் இறங்கினான்' என்று போட்டிருந்தால் கப்பல் ஏதோ பள்ளத்தில் கிடந்ததாக வாசகன் நினைத்திருப்பான். அந்த ஒரு வசனத்துக்கு அவர்கள் செய்தது நல்ல தமிழ்தான். தொடர்ந்து வருகிற 4 இடங்களையும் கோத்துப் பார்க்கும்போதுதான் இழப்பு தெரியும்.

இதைவிடப் பெரிய இழப்பு 'ராஆ' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. தீமை, தீங்கு, கேடு எல்லாவற்றுக்கும் எபிரெயத்தில் அந்த ஒரு சொல்தான். நினிவேயின் ராஆ என் சமுகத்தில் எட்டினது என்று கர்த்தர் தொடங்குகிறார். நம் தமிழில் 'அக்கிரமம்'. இந்த ராஆ யாராலே வந்தது என்று கப்பற்காரர் சீட்டுப் போடுகிறார்கள், தமிழில் 'ஆபத்து'. நினிவே ராஜா அவரவர் தங்கள் ராஆவான வழியை விடச் சொல்கிறான்; 'பொல்லாத வழி'. தேவன் தாம் செய்வதாகச் சொன்ன ராஆவைக் குறித்து மனஸ்தாபப்படுகிறார்; 'தீங்கு'. உடனே அடுத்த வசனம், 4:1. எபிரெயத்தை அப்படியே சொன்னால், 'அது யோனாவுக்குத் தீங்காகப் பட்டது, பெரிய தீங்கு', தமிழில் 'விசனம்'. கடைசியாக ஆமணக்குச் செடி முளைப்பது அவனை அவனுடைய ராஆவிலிருந்து விடுவிக்க, தமிழில் 'மனமடிவு'. ஒரு சொல் ஆறு சொல்லாகிவிட்டது. எபிரெயத்தில் இதைக் கேட்கிறவன் காதுக்கு நடப்பது வேறு: நினிவே தன் ராஆவை விட்டது, தேவன் தம் ராஆவை விட்டார், அதே மூச்சில் ராஆ யோனாவிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரில் இருந்த தீமை தீர்க்கதரிசிக்குள் குடிவந்துவிட்டது. நான் இதை முதன்முதலில் எபிரெயத்தில் சத்தமாக வாசித்தபோது 4:1ல் நின்றுவிட்டேன். அதற்குமுன் எத்தனையோ தடவை 'யோனாவுக்கு விசனம்' என்று வாசித்துவிட்டு, பாவம், மனது கஷ்டப்பட்டுவிட்டது என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

தமிழ் எப்போதும் தோற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கப்பற்காரரின் பயத்தை நம் திருப்புதல் அழகாகக் காப்பாற்றியிருக்கிறது: முதலில் பயந்தார்கள், பிறகு மிகவும் பயந்தார்கள், கடைசியில் கர்த்தருக்கு மிகவும் பயந்தார்கள். எபிரெயத்திலும் அந்த ஏணி அப்படியே இருக்கிறது. நடுவில் யோனா மட்டும் 'நான் கர்த்தருக்குப் பயப்படுகிறவன்' என்று வாயால் சொல்கிறான், அதே வினைச்சொல்லில். தமிழில் அங்கே மட்டும் 'பயபக்தியுள்ளவன்' என்று கொஞ்சம் மெருகேறிவிட்டது.

இன்னொரு இடத்தில் தமிழ் எபிரெயத்தை ஜெயித்தே விட்டது என்பேன். எபிரெயக் கதை 'எழுந்தான், இறங்கினான், கண்டான், கொடுத்தான்' என்று வினையை முன்னால் போட்டுச் சங்கிலியாக ஓடும். ஒவ்வொரு வினையின் தலையிலும் 'வ' என்ற இணைப்பு இருக்கும். திடீரென்று அந்தச் சங்கிலியை அறுத்துப் பெயரை முன்னால் கொண்டுவந்தால், கேட்கிறவன் நிமிர்ந்து உட்காரவேண்டும்: காட்சி மாறுகிறது, அல்லது ஒருவரை இன்னொருவருக்கு எதிராக நிறுத்துகிறார்கள். 1:5ல் கப்பற்காரர் கூப்பிடுகிறார்கள், சரக்கை எறிகிறார்கள், எல்லாம் சங்கிலியாக வருகிறது. அடுத்து 'வெயோனா' என்று பெயர் முன்னால் வந்து நிற்கிறது. நம் திருப்புதலில் "யோனாவோவென்றால்". இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியிலும் நான் பார்த்ததில்லை. நம் பழைய திருப்புதலில் 'ஓவென்றால்' வருகிற இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அதன் அடியில் எபிரெயத்தின் இந்த முறை மாற்றம் இருக்கும். எபிரெயம் தெரியாதவருக்கு இது கையில் கிடைத்த சாவி மாதிரி.

தமிழுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு, ஆங்கில விளக்கவுரைகளில் இது கிடைக்காது. எபிரெயத்தில் அவன், அவர் என்ற மரியாதை வேறுபாடு இல்லை. தமிழில் ஒருவரைப் பற்றி வாய் திறந்தாலே அவர் யார் என்று முடிவு செய்தாகவேண்டும். ஆதியாகமம் 32ல் யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் இராத்திரி போராடுகிறானே, அங்கே எபிரெயம் 'ஒரு மனுஷன்' என்று மட்டும் சொல்லிவிட்டு, 'அவன் சொன்னான், அவன் சொன்னான்' என்று போய்க்கொண்டே இருக்கும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே ஒரு நிமிஷம் குழம்பும். இருட்டில் கட்டிப்புரளும் இருவரில் யார் கை எது என்று தெரியாதது போல. யாக்கோபுக்கும் அது யார் என்று தெரியாது, வாசகனுக்கும் தெரியாது. பொழுது விடிகிறபோதுதான் இருவருக்கும் சேர்ந்து விளங்குகிறது. நம் தமிழில் 'ஒரு புருஷன்' என்று தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர் 'தொட்டார்', 'என்றார்', 'நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய' என்று வந்துவிடுகிறது. ஆர் விகுதி முகமூடியைக் கழற்றிவிட்டது. ஆதியாகமம் 22லும் இப்படித்தான். ஆபிரகாம் தேவனுக்கும், 'என் தகப்பனே' என்று கூப்பிட்ட மகனுக்கும், கடைசியில் கர்த்தருடைய தூதனுக்கும் சொல்கிற பதில் எபிரெயத்தில் ஒரே சொல்: ஹின்னேனி. தமிழிலோ மேலே இருப்பவருக்கு 'இதோ அடியேன்', மகனுக்கு 'இதோ, இருக்கிறேன்'. தமிழ்க் குடும்பத்தில் அப்பா மகனைப் பார்த்து 'அடியேன்' என்றால் சிரிப்பார்கள், அதனால் வேறு வழியும் இல்லை. ஆனால் தேவனுக்கு எந்த முழு மனதோடு பதில் சொன்னானோ அதே சொல்லை, பலியாகப் போகிற பிள்ளைக்கும் சொன்னான் என்ற வேதனை தமிழ் வாசகனுக்கு எட்டாது. போதகர்தான் எட்டவைக்கவேண்டும்.

ரூத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போவாஸ் 2:12ல் கர்த்தருடைய 'செட்டைகளின்கீழ்' நீ அடைக்கலமாய் வந்தாய் என்கிறான். 3:9ல் ரூத் அவனிடம் உம்முடைய 'போர்வையை' விரியும் என்கிறாள். இரண்டும் கானாஃப் என்ற ஒரே சொல். சிறகுக்கும் அதுதான், ஆடையின் ஓரத்துக்கும் அதுதான். 'நீர் எனக்காக ஜெபித்தீரே ஐயா, அந்த ஜெபத்துக்கு நீரே பதிலாக வாரும்' என்கிறாள் அந்தப் பெண், அதுவும் அவன் சொல்லையே எடுத்து அவனிடம் நீட்டி.

இவ்வளவு சொன்னபிறகு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எபிரெயம் கொஞ்சம் தெரிந்தவர் செய்கிற சேதம், எபிரெயமே தெரியாதவர் செய்கிறதைவிட அதிகம். அதில் முதல் குற்றவாளி நான். பல ஆண்டுகளுக்கு முன் யோனாவைப் பிரசங்கிக்கும்போது, யோனா என்றால் புறா, ஓசியா 7:11ல் எப்பிராயீம் பேதையான புறா என்று சொல்லப்பட்டிருக்கிறது, ஆகவே யோனா என்பவர் இஸ்ரவேலே என்று மேடையில் அடித்துச் சொன்னேன். பெயரின் பொருள் புறா என்பது உறுதி. ஓசியாவில் அதே சொல் வருவதும் உறுதி. ஆனால் அந்த 'ஆகவே' என்னுடையது. ஆராதனை முடிந்து கதவருகில் கைகொடுத்தபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "என் பெயரில்கூடப் பொன் இருக்கிறது ஐயா, வீட்டில் குன்றிமணிப் பொன் கிடையாது" என்றார். கதைசொல்லி பெயரை வைத்து விளையாடியிருக்கலாம், எபிரெயர்கள் அப்படிச் செய்கிறவர்கள்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் அவன் அதற்கு ஒரு சாடையும் காட்டவில்லை.

சொல்லின் வேரைத் தோண்டி அர்த்தம் எடுப்பது இந்த வகைதான். தாபார் என்ற எபிரெயச் சொல்லுக்கு வார்த்தை என்றும் பொருள், காரியம் என்றும் பொருள். அதனால் எபிரெயருக்கு வார்த்தையும் காரியமும் ஒன்றே, அவர்கள் சிந்தனையே அப்படி என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ஜேம்ஸ் பார் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1961லேயே இந்த வாதத்தை உடைத்துவிட்டார், ஆனாலும் மேடைகளில் அது சாகவில்லை. தமிழில் நினைத்துப் பாருங்கள். 'பொருள்' என்றால் அர்த்தம், பண்டம், செல்வம் மூன்றும்தான். அதை வைத்து, தமிழர்கள் அர்த்தத்தையே பணமாகப் பார்த்தவர்கள் என்று ஒரு வெள்ளைக்காரர் பிரசங்கித்தால் நாம் எப்படிச் சிரிப்போம்? ஒரு சொல்லுக்கு அகராதியில் இருக்கிற எல்லாப் பொருளும் ஒரு வசனத்தில் ஒரே நேரத்தில் வருவதில்லை.

உங்கள் செயலிக்கும் இதே பதில்தான். ஸ்ட்ராங் என்பவர் 1890ல் வெளியிட்ட சொல்லடைவில், ஆங்கில வேதாகமத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் எந்த மூலச்சொல் இருக்கிறது என்று காட்ட எண் கொடுத்தார். அந்த வேலைக்கு அது அருமையான கருவி. ராஆ போன்ற சொல் எங்கெங்கே திரும்ப வருகிறது என்று பார்க்க எண்ணைத் தட்டிப் பாருங்கள், நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்கே கிடைத்துவிடும். எண்ணுக்குக் கீழே இருக்கிற பொருள்பட்டியலில் பிடித்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து 'எபிரெயத்தில் இதற்கு இப்படித்தான் அர்த்தம்' என்று சொல்லும்போதுதான் அது ஆபத்தாகிறது. வினை எந்த வடிவத்தில் நிற்கிறது, சங்கிலி எங்கே அறுகிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது.

அடுத்து, சந்தேகத்துக்குரியவை. யோனா நினிவேயில் சொன்னது எபிரெயத்தில் 5 சொல் மட்டுமே. இன்னும் 40 நாள், நினிவே 'நெஹ்பாகெத்'. தமிழில் 'கவிழ்க்கப்பட்டுப்போம்'. ஆதியாகமம் 19ல் சோதோமைக் கவிழ்த்ததும் இந்த வினைதான். ஆனால் 1 சாமுவேல் 10:6ல் சவுல் வேறு மனுஷனாக மாறுவான் என்று சொல்லும்போதும் இதே வினை வருகிறது. அப்படியானால் 'நினிவே அழியும்' என்று யோனா சொன்னது, 'நினிவே மாறும்' என்று நிறைவேறிவிட்டதா? யூத ரபீமார்கள் பழங்காலத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு என்பது உறுதி. ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி வைத்தார் என்று நான் சாய்கிறேன், ஆணையிடமாட்டேன். மேடையில் சொன்னால் 'இருக்கலாம்' என்ற சொல்லை விழுங்காமல் சொல்லுங்கள். அதே வசனத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் 40 நாள் இல்லை, 3 நாள். இது என் ஊகமல்ல, அந்தப் பிரதி அப்படித்தான் இருக்கிறது. எபிரெயத்தின் 40தான் மூலம் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள், நானும் அப்படியே. இதைச் சபையில் சொல்லவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. யாராவது இளைஞர் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்டால் பதில் தெரிந்திருக்கட்டும்.

புத்தகம் எப்போது எழுதப்பட்டது என்பதும் சந்தேகம்தான். 2 இராஜாக்கள் 14:25ல் வருகிற அமித்தாயின் குமாரன் யோனா, இரண்டாம் யெரொபெயாம் காலத்தவர், அதாவது கி.மு. 8ஆம் நூற்றாண்டு. புத்தகத்தின் எபிரெயத்தில் அரமேய வாசனை அடிக்கிறது. 1:5ல் கப்பலுக்கு வருகிற செஃபீனா என்ற சொல் பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. இது பிற்கால எபிரெயம் என்பார்கள் பலர், இஸ்ரவேலின் வடபகுதிப் பேச்சு என்பார்கள் சிலர். எனக்கு முன்னது பொருத்தமாகத் தோன்றுகிறது, ஆனால் 4 பிரசங்கத்தில் ஒன்றுகூட இதன்மேல் நிற்கத் தேவையில்லை. தர்ஷீசு எங்கே இருந்தது என்பதிலும் ஒருமித்த கருத்து கிடையாது. ஸ்பெயின் என்பது பரவலான ஊகம். 1 இராஜாக்கள் 10:22ல் தர்ஷீசின் கப்பல்கள் சாலொமோனுக்குக் கொண்டுவந்த மயில்களுக்கு எபிரெயத்தில் 'துக்கிய்யீம்' என்று பெயர், அது நம் 'தோகை'தான் என்று பல அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் யோனாவைப் பற்றிப் பேசப் போய், அவன் தமிழ்நாட்டுக்குத்தான் கப்பல் ஏறினான் என்று முடித்தவரை எனக்குத் தெரியும்.

ஆமணக்கைப் பற்றி ஒரு பழைய சம்பவம் இருக்கிறது, போதகர்கள் எல்லாரும் கேட்கவேண்டியது. 4:6ல் வருகிற கீகாயோன் என்ன செடி? பழைய லத்தீன் வேதாகமத்தில் அது சுரை. ஜெரோம் என்ற பழங்காலச் சபை அறிஞர் எபிரெயத்திலிருந்து லத்தீனுக்குப் புதிதாக மொழிபெயர்த்தபோது அதை ஐவி என்ற படர்கொடியாக மாற்றிவிட்டார். 403ஆம் ஆண்டு வாக்கில் வட ஆப்பிரிக்க பிஷப் அகஸ்டின் அவருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார்: இன்றைய லிபியாவின் திரிப்போலியான ஓயா பட்டணத்தில் ஒரு பிஷப் இந்தப் புதிய மொழிபெயர்ப்பை ஆராதனையில் வாசிக்கவைத்தார், தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சொல் மாறினதும் சபையில் பெருங்கலவரம், சபையே கையைவிட்டுப் போகாதிருக்க அவர் பழைய சொல்லுக்கே திரும்பவேண்டியதாயிற்று. இன்று பெரும்பாலோர் ஆமணக்கு என்றே கொள்கிறார்கள், நம் தமிழிலும் அதுதான். ஜெரோமின் எபிரெயப் படிப்பில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் செடியின் பெயருக்காக ஒரு சபை உடையலாம் என்பதை மறக்காதீர்கள். 'நம் தமிழ் வேதாகமம் இங்கே தவறு' என்று மேடையில் சொல்லாதீர்கள். 60 வருஷமாக அதை நெஞ்சில் வைத்துத் தூங்குகிற பாட்டி ஒருத்தி முன்வரிசையில் இருப்பாள். அந்தப் புத்தகம் முழுவதையும் அவள் சந்தேகப்படத் தொடங்கினால், நீங்கள் கொடுத்த எபிரெயச் சொல் அதற்கு ஈடாகாது. 'மூலத்தில் இங்கேயும் இறங்கினான் என்றே இருக்கிறது' என்று சொன்னால் போதும். வய்யேரெத் என்று உச்சரித்துக் காட்டவும் வேண்டாம். நான் இங்கே எழுதினது நீங்கள் போதகர் என்பதால்.

சரி, இந்த 4 வாரத்துக்கு என்ன செய்வது? யோனா மொத்தம் 48 வசனம். பவர் திருப்புதலையும் 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசியுங்கள். இரண்டும் வேறுபடுகிற இடத்தில் அடியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அங்கே எண்ணைத் தட்டிப் பாருங்கள். இறங்கு, எறி, பெரிய, பயம், ராஆ என்ற ஐந்தையும் ஐந்து நிறப் பென்சிலால் குறியுங்கள். பெருங்காற்றைக் கர்த்தர் 'வரவிட்டார்', கப்பற்காரர் சரக்கை 'எறிந்தார்கள்', யோனாவைப் 'போட்டுவிட்டார்கள்' என்று தமிழில் மூன்றாக இருக்கிற வினையும் எபிரெயத்தில் ஒன்றே. கர்த்தர் எறிந்தார், அவர்களும் எறிந்தார்கள். அதிகார எண் இடறினால் பயப்படவேண்டாம்; நம் 1:17 எபிரெயத்தில் 2:1.

அதற்குப் பிறகு, நேரம் இருந்தால், மொழியையே கற்றுக்கொள்ளுங்கள். எழுத்து 22தான், தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் வந்துவிடும். தமிழருக்கு வினைதான் கடினம், ஒலி அல்ல. தொண்டையில் வருகிற சில ஒலிகளை விட்டுவிட்டால் நாக்கு சீக்கிரம் பழகிவிடும். என் மாணவர்களில் ஒழுங்காக உட்கார்ந்தவர்கள் ஓராண்டு முடிவில் அகராதியை வைத்துக்கொண்டு யோனாவை வாசித்தார்கள். சொல்லப்போனால் யோனாவும் ரூத்தும்தான் தொடங்க ஏற்றவை. வாக்கியம் எளிது, சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தனியாகப் படித்துக் கரையேறினவர்கள் குறைவு. உங்கள் வட்டாரத்தில் எபிரெயம் படித்த ஒரு போதகர் நிச்சயம் இருப்பார். வாரத்தில் ஒரு மணி நேரம் அவரிடம் போய் உட்காருங்கள்.

நான்காவது ஞாயிறுக்கு ஒன்று மட்டும். 4:11ல் தமிழ், வாக்கியத்தைப் 'பரிதபியாமலிருப்பேனோ' என்று முடிக்கிறது. வினை கடைசியில் வருவது நம் இலக்கணம், தப்ப முடியாது. எபிரெயத்தில் அந்த வினை முன்னாலேயே வந்துவிடும். கேள்விக்குறியான சொல்லும் அங்கே இல்லை, தொனியை வைத்துத்தான் கேள்வி என்று எடுக்கிறோம். கேள்வியே அல்ல என்று வாதிடுகிறவர்களும் உண்டு, எனக்கு அது ஒட்டவில்லை. 'நானோ பரிதபியாதிருப்பேனோ, மகா நகரமாகிய நினிவேக்காக, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கு அதிகமான மனுஷர் அங்கே இருக்க, அநேக மிருகஜீவன்களும்' என்று அது போகிறது. புத்தகம் முடிவது ஆடுமாடுகளில். உங்கள் சபையார் பாதிப்பேர் வீட்டில் ஆடோ மாடோ இருக்கும். பிரசங்கத்தின் கடைசியில் அந்த வசனத்தை எபிரெய வரிசையில் ஒருமுறை வாசியுங்கள், 'அநேக மிருகஜீவன்களும்' என்று நிறுத்தி, வேதாகமத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.